வளாகத்துக் காற்றும் வண்ண வரைபடமும்

மலிவு விலை சென்சார்களைக் கொண்டு பல்கலைக்கழக வளாகத்தின் காற்றை அளந்தோம் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு இப்போது ஒரு நிரந்தர வார்ப்பு வந்துவிட்டது. முதல் பத்தியில் காற்று மாசால் உலகம் படும் பாடு. அடுத்த பத்தியில், அரசின் கண்காணிப்பு நிலையம் ஒன்றை நிறுவ ஒரு கோடி ரூபாய் அளவில் ஆகிறது, நாங்கள் சில ஆயிரத்தில் முடித்துவிட்டோம் என்ற பெருமிதம். பிறகு சர்க்யூட் படம், ஈஎஸ்பி32 சில்லு, வைஃபை, கிளவுட், செல்போன் ஆப். தரமான கருவியோடு ஒப்பிட்டதில் ஆர்-ஸ்கொயர்டு 0.9-க்கு மேல் வந்தது என்று ஒரு வரி. கடைசியில் வளாகத்தின் வரைபடம்: நூலகம் பச்சை, விடுதி மஞ்சள், மெயின் கேட் ஆரஞ்சு. சுபம்.

இந்த வகைக் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். சென்சார் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் காற்றளவு என்பது அரசு அலுவலகத்துக்கு மட்டும் சொந்தமான வித்தை என்ற நிலையை உடைத்ததே இந்தச் சின்னப் பெட்டிகள்தான். என் சண்டை அந்தக் கடைசிப் படத்தோடு. நூலகம் பச்சை, விடுதி மஞ்சள் என்றால், இரண்டு இடத்துக் காற்றும் வேறு வேறு என்று அர்த்தம். அந்த வித்தியாசம் காற்றில் இருக்கிறதா, இல்லை பெட்டிகளில் இருக்கிறதா?

இந்த ஆய்வுகளில் அதிகம் புழங்குவது பிளான்டவர் என்ற சீன நிறுவனத்தின் பிஎம்எஸ் வரிசைச் சென்சார்கள். பிஎம்எஸ்5003-ஐக் கையில் எடுத்தால் தீப்பெட்டி அளவுதான், கொஞ்சம் தடிமன் அதிகம். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். அந்தக் காற்றின் மேல் லேசர் ஒளி விழும். தூசியில் பட்டுச் சிதறும் ஒளியை ஒரு டயோடு பார்க்கும். அந்த ஒளியளவை, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்று உள்ளிருக்கும் நிரல் மாற்றித் தரும். எடை போடுவது எங்கேயும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கும் தொழில்நுட்பத் தாளைப் பாருங்கள். ஒரு சென்சாருக்கும் இன்னொரு சென்சாருக்கும் இடையே பொறுக்கத்தக்க வேறுபாடு என்று அதில் ஒரு வரி உண்டு. பிஎம் 2.5 அளவு 0 முதல் 100 வரை இருந்தால் கூடக் குறைய 10 மைக்ரோகிராம். 100 முதல் 500 வரை என்றால் கூடக் குறைய 10 சதவீதம். அதாவது பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு புதுச் சென்சார்களில் ஒன்று 38, இன்னொன்று 45 என்று காட்டினாலும் ‘ரெண்டும் சரியாத்தான் வேலை செய்யுது’ என்பதே தயாரித்தவரின் பதில். நூலகம் 38, விடுதி 45 என்று வரும் வரைபடத்தை இந்த வரியோடு சேர்த்து வைத்துப் படித்தால் என்ன மிச்சம்?

நியாயமாகவும் பேச வேண்டும். ஒரே தொகுப்பில் வந்த சென்சார்கள் பெரும்பாலும் இந்தத் தாள் சொல்வதைவிட நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் எவ்வளவு ஒத்துப்போயின என்பதைக் கட்டுரை சொல்லியாக வேண்டும் இல்லையா? எல்லாப் பெட்டிகளையும் ஒரே மொட்டை மாடியில் வரிசையாக வைத்து, இரண்டு மூன்று வாரம் ஓடவிட்டு, தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று ஓர் அட்டவணை. அது இல்லாத வரைபடத்தை நான் வண்ணக் கோலம் என்ற கணக்கில்தான் வைக்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கல், எந்த மாசை அளப்பது என்பது. பிஎம் 2.5 துகள்கள் காற்றில் நாள்கணக்கில் மிதப்பவை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்பவை. வட இந்தியக் குளிர்காலத்தில் ஒரு வளாகத்தில் அளக்கும் பிஎம் 2.5-இல் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. அதனால் பக்கத்தில் நேரடி மூலம் எதுவும் இல்லாவிட்டால் நூலகத்துக்கும் விடுதிக்கும் பெரிய வித்தியாசம் இருக்க நியாயமில்லை. இடத்துக்கு இடம் சட்டென்று மாறுவது நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரியான வாயுக்கள். சாலையோரம் அதிகம், சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் மளமளவென்று குறையும். வளாகத்துக்குள் எந்த இடம் மோசம் என்பதுதான் கேள்வி என்றால், மின்சாரமே தேவைப்படாத ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டித் தொங்கவிட்டு, நாலு வாரம் கழித்து எடுத்துச் சோதிக்கும் பாம்ஸ் குழாய் முறை இதற்கு மேல். 1970-களிலிருந்து இருக்கிறது, பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் இன்றைக்கும் அதைத்தான் ஏராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதில் ஆப் கிடையாது, நேரலை கிடையாது. யாருக்கு வேண்டும்!

சரி, அப்படியானால் இந்த லேசர் பெட்டிகளுக்கு என்னதான் வேலை? இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பெட்டி, நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் அவை கெட்டி. காலை ஏழு மணிக்குச் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்களா, மெஸ் அடுப்பு எப்போது பற்றவைக்கப்படுகிறது, மின்வெட்டில் ஜெனரேட்டர் எத்தனை முறை ஓடியது, எல்லாம் அந்த வரைகோட்டில் முள்ளாக எழும்பி நிற்கும். பெட்டியை அதே பெட்டியோடு ஒப்பிடும்போது, அதன் நிரந்தரக் கோணல் நம்மைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. விசித்திரம் என்னவென்றால், வளாகக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பலத்தை ஓரங்கட்டிவிட்டு, பலவீனத்தைப் பல வண்ணத்தில் அச்சடிக்கின்றன.

இந்த விஷயத்தில் நான் மதிக்கும் ஒரு கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018-இல் வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோங்ஷு ஸெங்கும் கூட்டாளிகளும், கான்பூர் ஐஐடி குழுவும் சேர்ந்து எழுதியது. பிஎம்எஸ்3003 என்ற ஒரே வகைச் சென்சாரை அமெரிக்காவின் டர்ஹம், ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் என்ற இரண்டு சுத்தமான இடங்களிலும், கான்பூரிலும் வைத்துப் பார்த்தார்கள். டர்ஹமில் சராசரி பிஎம் 2.5 வெறும் 9 மைக்ரோகிராம். கான்பூரில் மழைக்காலத்தில் 36, மழைக்குப் பின் 116.

முடிவைப் பாருங்கள். ஒரு மணி நேரச் சராசரியில் சென்சாரின் பிழை, டர்ஹமில் 201 சதவீதம். கான்பூர் மழைக்காலத்தில் 46, மழைக்குப் பின் 35. அதே மாடல், அதே திருத்த முறை. சுத்தமான காற்றில் படு தோல்வி, அழுக்குக் காற்றில் பரவாயில்லை. மேலோட்டமாகப் படிப்பவர் ‘இந்தியாவுக்கு இந்தச் சென்சார் நல்லாவே பொருந்துது’ என்று முடிவு கட்டிவிடுவார். கட்டியும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் அங்கே நிற்கவில்லை என்பதுதான் கட்டுரையின் சிறப்பு. டர்ஹமிலும் கான்பூரிலும் ஒப்பீட்டுக்கு வைத்தது ஈ-பாம் என்ற கருவி. நாடாவில் தூசியைச் சேர்த்து, அதன் வழியே பீட்டா கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்த்து எடையைச் சொல்லும். தூசி நிறைய இருந்தால் நன்றாக வேலை செய்யும்; 9 மைக்ரோகிராம் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கருவியே தடுமாறும். அதாவது 201 சதவீதப் பிழையில் ஒரு பெரும்பங்கு சென்சாருடையது இல்லை, நீதிபதியுடையது. ட்ரையாங்கிள் பார்க்கில் டி640 என்ற துல்லியமான கருவியை வைத்ததும், அதே சுத்தமான காற்றில் பிழை 27 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 24 மணி நேரச் சராசரி எடுத்தால் 9. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முடிவின் ஒரு பாதி என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறொரு சென்சார் கட்டுரையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனாலும் ஓர் இடத்தில் எனக்கு உறுத்துகிறது. டி640-உம் ஒளிச்சிதறலை வைத்தே அளக்கும் கருவி. மலிவுச் சென்சாரும் ஒளிச்சிதறல். ஒரே பள்ளியில் படித்த இருவர் ஒரே தவறைச் செய்தால், விடைத்தாள்கள் அழகாக ஒத்துப்போகத்தான் செய்யும். அங்கேயே பீட்டா முறையும் சேர்ந்த ஷார்ப் என்ற இன்னொரு கருவியோடு ஒப்பிட்டபோது ஒத்திசைவு தெளிவாகக் குறைந்ததையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். டி640 கருவி பிஎம் 2.5-ஐக் கூட்டிக் காட்டுகிறது என்று பிற்பாடு தெரிந்து, 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் பழைய அளவீடுகளையே திருத்த வேண்டி வந்தது. 2018-இல் எழுதியவர்கள் இதற்குப் பொறுப்பில்லை. ஆனால் ‘ஈரப்பதத் திருத்தம் செய்தால் இந்தச் சென்சார் உண்மை அளவில் சுமார் 10 சதவீதத்துக்குள் வரும்’ என்ற அவர்கள் வரி, துல்லியமான கருவி இருந்த அமெரிக்கக் காற்றை வைத்து எழுதப்பட்டது. அதை எடுத்து இந்திய வளாகக் கட்டுரையின் முன்னுரையில் ஒட்டுவது வேறு விஷயம். மேற்கோள் அமெரிக்காவுடையது, நுரையீரல் நம்முடையது.

ஆர்-ஸ்கொயர்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கருவிகளும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகின்றனவா என்பதை மட்டும் சொல்லும் எண் அது. ஒன்று 50 என்னும்போது மற்றது 100, ஒன்று 80 என்னும்போது மற்றது 160 என்று காட்டினால், ஆர்-ஸ்கொயர்டு 1. அளவோ இரண்டு மடங்கு தப்பு. தீபாவளி வாரத்தையும் சேர்த்து அளந்தால் இந்த எண் இன்னும் அழகாக வரும், ஏனென்றால் ஏற்ற இறக்கம் பெரிசாக இருந்தால் சின்னச் சறுக்கல்கள் மறைந்துபோகும். பாதுகாப்பு முகமை 2021-இல் வெளியிட்ட சோதனை வழிகாட்டி இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. குறைந்தது மூன்று சென்சார், 30 நாள், இரண்டு பருவம் அல்லது இரண்டு இடம். ஆர்-ஸ்கொயர்டு 0.7 இருந்தால் போதும் என்று தாராளமாக விட்டுவிட்டு, சாய்வு எவ்வளவு, சென்சார்கள் தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும் கட்டாயம் கேட்கிறது. நம் கட்டுரைகள் அந்த 0.7-ஐத் தாண்டியதைக் கொண்டாடுகின்றன. மற்ற கேள்விகளைப் படித்த மாதிரி தெரியவில்லை.

திருத்தச் சமன்பாடு பற்றி ஓர் எடுத்துக்காட்டு. பர்பிள்ஏர் கருவிகளுக்காக அந்த முகமையின் ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு எளிய வாய்பாடு கொடுத்தார்கள். சென்சார் காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கு, பெட்டிக்குள் அளந்த ஈரப்பதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. 16 மாநிலங்களில் கிடைத்த தரவிலிருந்து வந்தது, அவர்கள் நாட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது. இப்போது இதை நம் ஊரில் போட்டுப் பார்ப்போம். சென்சார் 100 காட்டுகிறது, ஈரப்பதம் 80 சதவீதம். கணக்குப் போட்டால் 51 வருகிறது. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். திருத்தாமல் விட்டால் வளாகம் வரம்பை மீறிவிட்டது, திருத்தினால் ‘திருப்திகரம்’. மாணவர்களை மைதானத்தில் ஓட விடலாமா வேண்டாமா என்ற முடிவு, அமெரிக்கப் புகையையும் அமெரிக்கத் தூசியையும் வைத்துச் செய்த மூன்று எண்களில் தொங்குகிறது. அந்த எண்கள் நமக்குப் பொருந்துமா என்பதை உள்ளூரில் ஒரு தரமான கருவியோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும். வளாகக் கட்டுரைகளில் இந்த வாய்பாடு உப்புப் போடுவது மாதிரிப் போடப்படுகிறது. இன்னும் சிலவற்றில் திருத்தமே கிடையாது.

ஈரப்பதம் சும்மா ஒரு துணைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம், முக்கியமாகக் கடலோர ஊர்களில். காற்றிலுள்ள உப்புகளும் சல்பேட்டும் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். சாதாரணக் கடலுப்பு, ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் கரைந்து துளியாகிவிடும். அரசு நிலையங்களின் கருவிகள் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளக்கும். மலிவுச் சென்சார் தண்ணீரையும் தூசி என்றே எண்ணிக்கொள்ளும். சென்னையில் போகிப் பண்டிகைக் காலையை நினைத்துப் பாருங்கள். 2018-இல் விமானப் போக்குவரத்தே தடுமாறிய அளவுக்குப் புகையும் பனியும் கலந்து நின்றது. அப்படியொரு காலையில் சென்சார் எகிறிக் காட்டும் எண்ணில் டயர் எவ்வளவு, பனி எவ்வளவு? இரண்டுமே உண்மையாக இருக்கும், பிரித்துச் சொல்ல அந்தப் பெட்டிக்கு வழியில்லை. போதாததற்கு 125 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் சென்சாரின் கணக்கு நேர்கோட்டை விட்டு விலகுவதையும் கான்பூர் தரவு காட்டியிருக்கிறது. பண்டிகை நாள் உச்ச எண்ணைத் தலைப்பில் போடுபவர்கள் இதை ஒரு வரியாவது குறிப்பிடலாம்.

பிஎம் 10 கதை இன்னும் மோசம். பிளான்டவர் வகைச் சென்சார்கள் பெரிய துகள்களைக் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. சின்னத் துகள்களின் ஒளியிலிருந்து பெரியவற்றை ஊகித்து ஓர் எண்ணைத் தருகின்றன. இது ஆய்வுலகத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நம் வளாகங்களில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். சிமெண்ட், மணல், லாரி கிளப்பும் செம்மண், எல்லாம் பெருந்துகள்கள். சென்சார் திரையில் பிஎம் 10 என்று ஒரு எண் வரும், பிஎம் 2.5-ஐவிடக் கொஞ்சம் கூட இருக்கும், ஆப் அதற்குப் பச்சை அடிக்கும். கட்டட வேலைத் தளத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை மாட்டி, தூசி வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதுவது வெறும் அறிவியல் பிழை என்று தள்ளிவிட முடியாது. அங்கே கல் சுமக்கிறவருக்குச் செய்யும் அநியாயமும் கூட.

ஆப்பில் வரும் ‘காற்றுத் தரக் குறியீடு’ பற்றி ஒரே வரி: துகள்களுக்கான இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரிக்கு வகுத்தது, அதன் வண்ணங்களை நிமிஷக் கணக்கில் மாற்றிக் காட்டுவது காய்ச்சல் அட்டவணையை வைத்து அடுப்புச் சூட்டைச் சொல்வது மாதிரி.

பெட்டிகளை எங்கே மாட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும், வைஃபை எட்ட வேண்டும், திருடு போகக் கூடாது. ஆக, துறைக் கட்டடத்தின் முதல் மாடி பால்கனி, நூலக வராந்தா, விடுதி அலுவலகம். கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி, சருகைக் கொளுத்தும் துப்புரவுப் பணியாளர், மெஸ்ஸில் அடுப்பு முன்னால் நிற்கும் சமையல்காரர் எல்லாம் வைஃபைக்கு வெளியே. வளாகத்தில் மோசமான காற்றைச் சுவாசிப்பவர்கள் இவர்கள்தான் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியே வேண்டாம். எவ்வளவு மோசம் என்று சொல்லத்தான் வேண்டும். அந்தச் சென்சார் வல்லவனாக இருக்கும் இடமும் இதுவே: பக்கத்தில் நெருப்பு, பெரிய ஏற்ற இறக்கம், நேரத்தோடு ஒப்பீடு. சமையல்கூடத்தில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, வாரம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் போதும். பத்துப் பெட்டி வரைபடத்தைவிட உருப்படியான தாளாக வரும், அதை வைத்து நிர்வாகத்திடம் ஒரு புகைபோக்கியாவது கேட்கலாம்.

கடைசியாக வயசு. பிஎம்எஸ்5003-இன் தொழில்நுட்பத் தாள் சராசரி ஆயுள் மூன்று வருஷம் என்கிறது. விசிறியில் தூசி அடையும், லேசர் மங்கும். பர்பிள்ஏர் கருவிகளின் அமெரிக்கத் தரவை வைத்துச் செய்த ஆய்வு, வெப்பமும் ஈரமும் அதிகமான பகுதிகளில் சென்சார்கள் சீக்கிரம் கெடுவதைக் காட்டியது. நமக்கு அது நல்ல சேதி இல்லை. பர்பிள்ஏர் ஒரு பெட்டிக்குள் இரண்டு சென்சார் வைத்து, ஒன்று கெட்டால் மற்றது காட்டிக்கொடுக்கும்படி செய்திருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் சுமாரில் இன்னொரு சென்சார் சேர்த்தால் நம்ம ஊர் மாணவர்களும் இதைச் செய்யலாம். அதைவிட மலிவான வழியும் உண்டு: செமஸ்டர் முடிவில் எல்லாப் பெட்டிகளையும் கழற்றி, ஆரம்பத்தில் வைத்த அதே மொட்டை மாடியில் மறுபடி இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது. முதல் நாள் ஒப்பீடு அநேகமாக எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. கடைசி நாள் ஒப்பீட்டை நான் படித்தவற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.